திருத்தம் தானே வந்து சேர்ந்த வரலாறு

அச்சிட்ட நூல்களின் கடைசிப் பக்கத்தில் ‘பிழை திருத்தம்’ என்னும் தலைப்பில் ஒரு பட்டியல் இருப்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, பிழை இது, திருத்தம் இது என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். அத்துடன் பதிப்பாசிரியரின் கடமை முடிந்தது. ஆனால் எழுதுகோலைக் கையில் எடுத்து, அப்பட்டியலைப் பார்த்துத் தம் படியைத் திருத்திக்கொண்டு, பிறகு படிக்கத் தொடங்குவோர் எத்தனை பேர்? பள்ளி நூலகத்தில் என் கைப்பட்ட நூல்களில் பெரும்பாலானவற்றில், பிழை தன் இடத்திலேயே இருந்தது. திருத்தமும் தன் இடத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே அட்டைக்குள் பல ஆண்டுகள் சந்திக்காமலே வாழ்ந்து வந்தன.

திருத்தம் பிறப்பது வேறு. அது பிழை இருக்கும் இடத்திற்குச் சென்று சேர்வது வேறு. நூலில் இவ்விரண்டிற்கும் இடைவெளி இருப்பதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. கணிப்பொறியில் அவ்விடைவெளி மருத்துவமனைகளை முடக்கியிருக்கிறது; துறைமுகங்களைச் செயலற்று நிற்கச் செய்திருக்கிறது. அதை மூடுவதற்காக மனிதர் கண்ட வழியே ‘தானியங்கு புதுப்பிப்பு’ எனப்படுவது. கணிப்பொறியும் கைப்பேசியும் இரவு நேரத்தில் தமக்குள்ள பிழைகளைத் தாமே திருத்திக்கொண்டு காலையில் நம்மை வரவேற்கின்றனவே, அந்த ஏற்பாடுதான். அது எவ்வாறு தோன்றியது, எத்தனை துன்பங்களுக்குப் பின் நிலைபெற்றது, அதனை நாம் எவ்வளவு நம்பலாம் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு சிறு விளக்கம். கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு, மற்ற மென்பொருள்களுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுக்கும் தலைமை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸ், லினக்ஸ், மேக் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. பள்ளிக்குத் தலைமையாசிரியர் அலுவலகம் எப்படியோ, கணிப்பொறிக்கு இயங்குதளம் அப்படி. அலுவலகத்தின் கதவில் ஒரு பூட்டுப் பழுதானால் பள்ளி முழுவதற்கும் ஆபத்து. ஆகவே இயங்குதளத்தில் உள்ள பிழை, மற்ற மென்பொருள்களில் உள்ள பிழையினும் கொடியது.

பிழையின் வரலாறு கணிப்பொறியின் வரலாற்றோடு கூடவே பிறந்தது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். தம் எஞ்சிய வாழ்நாளின் ஒரு பெரும்பகுதி, தாம் எழுதிய நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அவ்வாண்டிலேயே தமக்குத் தெளிவாகிவிட்டதாக அவர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். அக்காலத்து நிரல்கள் காகித நாடாவில் துளையிட்டு எழுதப்பட்டவை. துளை தவறான இடத்தில் விழுந்துவிட்டால், அதன்மேல் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி மூடுவார்கள். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1944இல் இயங்கத் தொடங்கிய மார்க் 1 பொறியின் நாடாக்களில் அத்தகைய ஒட்டுகளை இன்றும் காணலாம். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவதுபோல் நாடாவிற்குப் போட்ட அந்த ஒட்டே, ‘பேட்ச்’ என்று இன்றும் கணிப்பொறியாளர் வழங்கும் சொல்லுக்குப் பொருள் தருகிறது. நாடா மறைந்தது, சொல் நிலைத்தது.

1960களில் பெரிய நிறுவனங்களே கணிப்பொறி வைத்திருந்தன. பிழை கண்டால் உற்பத்தியாளர் திருத்தத்தைக் காந்த நாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்புவார். அதைப் பெற்றுப் பொருத்துவதற்கென்றே அறிவுள்ள பணியாளர் ஒருவர் அங்கிருப்பார். ஆதலின் இடைவெளி இருந்தாலும் அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்னும் மாபெரும் இயங்குதளத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெடரிக் புரூக்ஸ். அவர் 1975இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துக் கூறினார். ஒரு பிழையைத் திருத்தும்போது புதிய பிழை ஒன்று புகுந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 50 வரை உண்டு என்பது அவர் கணிப்பு. திருத்தமே பிழையாகவும் கூடும் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது மீண்டும் வந்து நம்மை எதிர்கொள்ளும்.

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைத்து இணையம் எழுந்தபோது நிலைமை மாறியது. 1985இல் லாரி வால் என்பவர் ‘பேட்ச்’ என்னும் பெயரிலேயே ஒரு சிறு நிரலை எழுதி யாவர்க்கும் வழங்கினார். முழு நூலையும் மறுபடி அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும். பெறுபவரின் கணிப்பொறியில் அந்நிரல் அவற்றை உரிய இடத்தில் பொருத்திவிடும். பிழை திருத்தப் பட்டியல் தானே எழுதுகோலை எடுத்து நூலைத் திருத்தத் தொடங்கியது எனலாம். ஆயினும் பட்டியலைத் தேடிப் பெறுவது மனிதர் கையிலேயே இருந்தது.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மாலை, அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதிய நிரல் ஒன்று இணையத்தில் பரவியது. ஒரு பொறியிலிருந்து மறுபொறிக்குத் தானே ஊர்ந்து சென்றதால் அதைப் ‘புழு’ என்றனர். அந்நாளில் இணையத்தில் இருந்த பொறிகள் ஏறத்தாழ 60,000. அவற்றுள் சுமார் 6,000 பொறிகள் அதனால் தாக்குண்டன என்று மதிப்பிட்டனர். பெர்க்கிலியிலும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இருந்த அறிஞர்கள் உறங்காமல் உழைத்துத் திருத்தம் கண்டனர். ஆனால் அதை எவ்வாறு அனுப்புவது? அச்சத்தினால் பலர் தம் பொறிகளை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டனர். நோய் பரவிய பாதையும் மருந்து செல்ல வேண்டிய பாதையும் ஒன்றாக இருந்தமையால், நோய்க்கு அஞ்சி அடைத்த கதவு மருந்தையும் வெளியே நிறுத்தியது. அம்மாதத்திலேயே இத்தகைய இடர்களைக் கவனித்து எச்சரிக்கும் மையம் ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது.

பத்தாண்டுகள் கழிந்தன. கணிப்பொறி, ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வீட்டிற்கும் கடைக்கும் வந்தது. இப்போது பொறிக்கு உரியவர் கணக்கு எழுதுபவர், மருந்துக் கடைக்காரர், மாணவர். காந்த நாடாவைப் பொருத்தும் பணியாளர் அங்கு இல்லை. இந்நிலையில் 1998இல் விண்டோஸ் 98 வெளிவந்தபோது, மைக்ரோசாப்ட் நிறுவனம் இணையத்தில் ஒரு புதுப்பிப்புத் தளத்தையும் திறந்து வைத்தது. உரியவர் அங்குச் சென்று தமக்கு வேண்டியவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். ஏறத்தாழ அதே காலத்தில் லினக்ஸ் உலகில் டெபியன் குழுவினர் ‘ஆப்ட்’ என்னும் கருவியை உருவாக்கினர். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் அது இடம்பெற்றது. ஓர் ஆணையிட்டால் போதும். பொறியிலுள்ள மென்பொருள்கள் அனைத்திற்கும் புதிய பதிப்பு உண்டா என்று அது பார்த்து, ஒன்றையொன்று சார்ந்தவற்றை ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்து சேர்க்கும். 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் மில்லெனியம் பதிப்பில் மைக்ரோசாப்ட் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. பொறி தானே சென்று திருத்தம் உண்டா என்று கேட்டு வரும் ஏற்பாடு அதில் அமைந்தது.

வழி பிறந்துவிட்டது, ஆனால் அவ்வழியே நடப்பவர் மிகச் சிலரே. இதன் விளைவு அடுத்த மூன்றாண்டுகளில் வெளிப்பட்டது. 2001 ஜூலை 19ஆம் நாள் ‘கோட் ரெட்’ என்னும் புழு 14 மணி நேரத்திற்குள் 3,59,000 பொறிகளைப் பற்றியது. அதைத் தடுக்கும் திருத்தம் ஜூன் 18ஆம் நாளே வெளியாகியிருந்தது. 2003 ஜனவரி 25ஆம் நாள் ‘ஸ்லாமர்’ வந்தது. அதன் அளவு 376 பைட்டுகள்; ஓர் அஞ்சலட்டையில் அடங்கும் எழுத்துகளின் அளவே அது. ஆயினும் தாக்குதலுக்கு இடம்கொடுத்த பொறிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பத்து நிமிடங்களில் அது பற்றிவிட்டது. அதற்குரிய திருத்தம் வெளியாகி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. திருத்தத்தை வெளியிட்ட மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பொறிகள் சிலவும் அதனைப் பொருத்திக்கொள்ளாமல் தாக்குண்டன என்றால், மற்றவரைக் குறைகூறுவது எப்படி? அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ‘பிளாஸ்டர்’ தோன்றியது. திருத்தம் வெளியாகி ஒரு மாதமும் முடியவில்லை. அப்புழு புதுப்பிப்புத் தளத்தையே குறிவைத்துத் தாக்குமாறு எழுதப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மருந்துக் கடையை மூடிவிட்டால் நோய் நிலைக்கும் என்பதைத் தீயோர் நன்கு அறிந்திருந்தனர்.

மூன்று நிகழ்ச்சிகளிலும் திருத்தம் முந்தியது, தாக்குதல் பிந்தியது என்பதைக் காண்க. இது தற்செயலன்று. திருத்தம் வெளியானதும் தீயோர் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பர். எந்த வரி மாறியதோ அந்த இடத்தில்தான் ஓட்டை இருந்தது என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். ஆகவே திருத்தத்தின் வெளியீடு ஒரு வகையில் ஓட்டையின் அறிவிப்புமாகிறது. பொருத்திக்கொண்டவன் காப்புற்றான், பொருத்திக்கொள்ளாதவன் முன்னிலும் மிகுந்த ஆபத்தில் நிற்கிறான். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல்லுக்குக் கணிப்பொறி உலகில் இவ்வளவு விலை உண்டு.

பிளாஸ்டர் தந்த பாடத்தினால் இரண்டு மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை ஒருசேர வெளியிடுவது என்று மைக்ரோசாப்ட் முறை வகுத்தது. நாள் தெரிந்தால் நிறுவனங்கள் ஆயத்தமாக இருக்கும் அன்றோ? அடுத்து, 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வெளியான இரண்டாம் பெருந்திருத்தம், தானியங்கு புதுப்பிப்பை இயக்குமாறு நிறுவும்போதே வற்புறுத்தியது. அதுவரை வேண்டுவோர் தேடிச் சென்று இயக்க வேண்டியிருந்த ஒன்று, அதன்பின் வேண்டாதோர் தேடிச் சென்று நிறுத்த வேண்டிய ஒன்றாயிற்று. வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதனையே. சோம்பலை மனிதரிடமிருந்து போக்க முடியாது என்று உணர்ந்து, அச்சோம்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் நன்மையே விளையுமாறு அமைத்துவிட்டனர். மற்றவர்களும் இவ்வழியில் வந்தனர். ஆப்பிள் நிறுவனம் 2014 டிசம்பரில் முதன்முறையாக மேக் பொறிகளுக்கு உரியவரைக் கேளாமலே ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை அனுப்பியது. உபுண்டு என்னும் லினக்ஸ் பதிப்பில் 2016 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் நாள்தோறும் தாமே பொருந்துமாறு அமைக்கப்பட்டன.

இங்கே ஒரு வினா எழுகிறது. எங்கிருந்தோ வரும் ஒன்றை நம் பொறி தானே ஏற்றுக்கொள்கிறதே, வந்தது உரியவரிடமிருந்துதான் என்பதற்கு என்ன சான்று? அரசுத் தேர்வு நாட்களில் வினாத்தாள் கட்டு பள்ளிக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். கட்டைக் கொண்டு வருபவர் யார் என்பது பெரிதன்று. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதே பெரிது. அறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் முத்திரையைக் காட்டிய பிறகே கட்டைப் பிரிப்பது முறை. கணிப்பொறியிலும் அத்தகைய முத்திரை உண்டு. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் அதற்குரிய கருத்தை வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதற்கு ஒரு கணித வழியைக் கண்டனர். உற்பத்தியாளர் இரகசியத் திறவுகோல் ஒன்றால் திருத்தத்தின்மேல் முத்திரை இடுவார். அம்முத்திரையைச் சரிபார்க்கும் மற்றொரு திறவுகோல் நம் பொறியில் முன்னமே இருக்கும். அதைக் கொண்டு முத்திரையைச் சோதிக்கலாம். ஆனால் புதிய முத்திரை இட முடியாது. திருத்தத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. பொறி அதை ஏற்காமல் தள்ளிவிடும். இரவில் நாம் உறங்கும்போது நம் பொறி செய்யும் பணி இதுவே: குறித்த வேளையில் சென்று கேட்கிறது, பட்டியலைப் பெறுகிறது, தன்னிடம் இல்லாதவற்றைக் கொணர்கிறது, முத்திரையைச் சோதிக்கிறது, பொருத்துகிறது, வேண்டுமானால் ஒருமுறை அணைந்து மீண்டும் எழுகிறது.

கடைசியாகக் கூறிய அந்த அணைந்து எழுதல்தான் மக்களின் கோபத்திற்கு உரியதாயிற்று. நான் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்களை முற்பகல் முழுவதும் இருந்து பொறியில் பதிந்துகொண்டிருந்தார். தேநீர் அருந்தச் சென்று திரும்புவதற்குள் பொறி தானே அணைந்து, திருத்தங்களைப் பொருத்தத் தொடங்கிவிட்டது. சேமிக்காத மதிப்பெண்கள் மறைந்தன. அன்று மாலையே அவர் அறையில் இருந்த அத்தனை பொறிகளிலும் புதுப்பிப்பை நிறுத்திவிட்டார். அவர் கோபம் நியாயமானது. அவர் கண்ட தீர்வு, கூரை ஒழுகியதற்காகக் கதவைக் கழற்றி வைத்ததை ஒக்கும்.

ஆயினும் குற்றம் முழுவதையும் பயன்படுத்துவோர் மேல் சுமத்துவது நேர்மையன்று. 2015 ஜூலை 29ஆம் நாள் விண்டோஸ் 10 வெளியானபோது, வீட்டுப் பதிப்பினர் புதுப்பிப்பை மறுக்கும் உரிமையை ஏறத்தாழ முற்றும் இழந்தனர். அதற்கும் மேலாக, பழைய பதிப்பினரைப் புதிய பதிப்பிற்கு மாற்றுவதற்கும் அதே புதுப்பிப்பு வழியை மைக்ரோசாப்ட் பயன்படுத்தியது. விருப்பமில்லாத பலருடைய பொறிகளும் மாற்றம் பெற்றன. ஓட்டையை அடைப்பதற்காகக் கொடுத்த சாவியை, வீட்டின் தளவாடங்களை மாற்றி அடுக்குவதற்குப் பயன்படுத்தியதைப் போன்றது இது. 2018 அக்டோபரில் வந்த ஒரு பெரும் புதுப்பிப்புச் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டமையால், சில நாட்களில் அதனை நிறுத்தி வைக்க நேர்ந்தது. இத்தகைய செயல்கள் ஒவ்வொன்றும் சிலரை ‘இதை நிறுத்திவிடுவதே மேல்’ என்னும் முடிவிற்குத் தள்ளின. நம்பிக்கையைச் செலவழிப்பது எளிது. அதன் இழப்பைப் பின்னர் எல்லாரும் சுமக்க வேண்டியிருக்கிறது.

அச்சுமை எத்தகையது என்பதை 2017 காட்டியது. அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் விண்டோஸின் ஒரு பெரும் ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. மே 12ஆம் நாள், ‘வானாக்ரை’ என்னும் நச்சுநிரல் அவ்வோட்டையின் வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த 19,000க்கும் மேற்பட்ட சந்திப்புகள் நீக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. தாக்குண்ட பொறிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 பதிப்பைக் கொண்டவை. அவற்றிற்கு உரிய மருந்து இரண்டு மாதங்களுக்கு முன்பே விலையின்றிக் கிடைத்தது. அறுவைக்காக விடியற்காலையில் பட்டினியுடன் வந்து காத்திருந்த நோயாளியைத் திருப்பி அனுப்பியது திருத்தம் இன்மையன்று. திருத்தம் அங்கு வந்து சேராமையே.

இதுவரை கூறியதிலிருந்து, தானியங்கு புதுப்பிப்பை யாவரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்று நேயர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. எல்லா வீடுகளுக்கும் மருந்து செல்லும் ஒரு குழாய் அமைந்துவிட்டால், நஞ்சு கலக்க விரும்புவோன் அக்குழாயையே நாடுவான். 2012இல் வெளிப்பட்ட ‘ஃபிளேம்’ என்னும் வேவு நிரல், மைக்ரோசாப்டின் முத்திரையைப் போலியாக ஆக்கிக்கொண்டு, விண்டோஸ் புதுப்பிப்பைப் போலவே வேடமிட்டு வந்தது. பழுதுபட்ட ஒரு பழைய கணித முறையை முத்திரைக்கு இன்னும் பயன்படுத்தி வந்ததே அதற்கு இடமளித்தது. 2017 ஜூன் 27ஆம் நாள், உக்ரைன் நாட்டில் கணக்கர் பலரும் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகவே ‘நாட்பெட்யா’ என்னும் நச்சுநிரல் பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்து நாட்களில் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில், சோலார்விண்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் முறையான முத்திரையுடன் சென்ற புதுப்பிப்பிற்குள் உளவு நிரல் மறைந்திருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதனைப் பெற்றிருந்தனர். முத்திரை இடும் அறைக்குள்ளேயே பகைவன் புகுந்துவிட்டால், முத்திரை பார்ப்பதனால் என்ன பயன்?

பகைவன் இல்லாமலும் தீங்கு நேரலாம். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு புதுப்பிப்பு, விண்டோஸ் பொறிகள் ஏறத்தாழ 85 இலட்சத்தை ஒரே நாளில் முடக்கியது. உலகெங்கும் விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளை வழங்கினார்கள். அத்திருத்தத்தைத் திரும்பப் பெற ஒன்றரை மணி நேரத்திற்குள் ஏற்பாடு செய்தும், முடங்கிய பொறி எழுந்தால்தானே அதைப் பெறும்? பொறிதோறும் மனிதர் சென்று கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. திருத்தமே பிழையாகக் கூடும் என்று புரூக்ஸ் 1975இல் கூறியது இங்கே பேருருவம் கொண்டு நின்றது.

எனினும் ஒன்றை நோக்குக. இந்நிகழ்ச்சிகளுக்குப் பின் அறிஞர் எவரும் காந்த நாடா காலத்திற்குத் திரும்புக என்று கூறவில்லை. குழாயில் நஞ்சு கலந்தால் குழாயைக் காப்பது எவ்வாறு என்று ஆராய்ந்தனர். ஒரே வேளையில் எல்லாருக்கும் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்து, தீங்கில்லை என்று கண்டபின் படிப்படியாகப் பலருக்கு அனுப்பும் முறை வலுப்பெற்றது. குரோம் இயங்குதளத்திலும், 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலும், இயங்குதளத்திற்கு இரண்டு படிகள் வைக்கும் ஏற்பாடு உண்டு. ஒரு படி நமக்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடியில் திருத்தம் பொருந்துகிறது. புதியது சரியாக எழவில்லை என்றால் பழையதே மீண்டும் பணிக்கு வருகிறது. புதுப் பாலத்தில் வண்டி ஓடும் வரை பழைய பாலத்தை இடிக்காமல் வைத்திருப்பது அன்றோ அறிவுடைமை?

நம் மாநிலத்திற்கும் இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. அவற்றை மாணவர் கையில் கொடுத்த ஆசிரியருள் நானும் ஒருவன். பெற்றுச் சென்ற பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அந்நாளில் இணைய இணைப்பு இல்லை. திருத்தம் தானே வரும் என்பது, வருவதற்குப் பாதை இருக்கும் இடத்தில்தான் உண்மை. பாதையற்ற வீட்டில் அப்பொறி, வாங்கிய நாளின் பிழைகளோடே வாழ்ந்தது. ‘தானியங்கு’ என்னும் சொல் எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதன்று என்பதை நான் அங்கே கற்றேன். காலமும் ஒரு தடை. எந்த இயங்குதளத்திற்கும் ஒரு நாளில் திருத்தம் நின்றுவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் பொதுவான பராமரிப்பு முடிந்தது. சிறப்பு நீட்டிப்புப் பெறாத பொறிகளில் புதுப்பிப்பு இயக்கத்தில் இருந்தாலும் பயனில்லை. கேட்பதற்குப் பொறி செல்லும், கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இராது. அப்பொறி நல்ல நிலையில் இருந்தால், அதில் ஒரு லினக்ஸ் பதிப்பை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்கொள்ளலாம்.

இனி, கேட்போர்க்குச் சில சொல்லி முடிக்கிறேன். வீட்டிலும் சிறு கடையிலும் பள்ளியிலும் கணிப்பொறி வைத்திருப்போர் தானியங்கு புதுப்பிப்பை இயக்கத்தில் வைத்திருப்பதே நன்று. விண்டோஸில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று புதுப்பிப்பு என்பதைத் திறந்தால், நீங்கள் வேலை செய்யும் நேரம் எது என்று குறிக்க இடமிருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் அந்நேரத்தில் பொறி தானே அணையாது. என் நண்பராகிய ஆசிரியருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. உபுண்டு முதலிய லினக்ஸ் பதிப்புகளில், பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தோறும் பொருத்துமாறும், மற்றவற்றை அறிவித்தால் போதும் என்றும் பிரித்து அமைக்கலாம். எந்தப் பொறியானாலும், அரிய கோப்புகளுக்குத் தனியே ஒரு படி எடுத்து வைப்பது தவறாத பழக்கமாக வேண்டும். ‘உங்கள் பொறியைப் புதுப்பிக்க இங்கே தொடுக’ என்று செய்தியிலோ அஞ்சலிலோ வருவதை நம்ப வேண்டா; உண்மையான திருத்தம் பொறியின் அமைப்புகளுக்குள்ளிருந்தே வரும். பல நூறு பொறிகளை ஆளும் மருத்துவமனை, வங்கி முதலியவை, ஒரு சில பொறிகளில் சோதித்துப் பார்த்து ஓரிரு நாட்களில் எல்லாவற்றிற்கும் பரப்புக. சோதனை என்னும் பெயரால் மாதக்கணக்கில் தள்ளிப் போடுவது சோதனையாகாது.

உற்பத்தியாளருக்கும் ஒன்று கூற வேண்டும். உலகத்து மக்கள் தம் வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு உறங்குகிறார்கள். அச்சாவி பழுது பார்ப்பதற்காகக் கொடுத்தது. பழுது பார்த்தலையும் வணிகத்தையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால் மக்கள் இரண்டையும் சேர்த்தே மறுப்பர். மறுத்தவருடைய பொறி பிறருக்கும் நோய் பரப்பும். திருத்தம் தனியாகவும், புதுமை தனியாகவும் வர வேண்டும். என்ன மாறியது என்பதைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் சொற்களில், தமிழருக்குத் தமிழில், கூற வேண்டும். அவ்வாறு கூறுபவரிடம் சாவி இருப்பதில் எனக்கு அச்சமில்லை.